முதல் மூன்று ஆண்டுகளை யார் சுமப்பது?

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏலம் முடிந்து லாரி ஏறுகிற முருங்கை, கத்தரி, தக்காளியில் பெரும்பகுதி கேரளத்துக்குத்தான் போகிறது. 2015ஆம் ஆண்டு அந்தக் கேரளத்திலிருந்து ஒரு புகார் வந்தது. தமிழகத்துக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது என்றது அம்மாநில உணவுப் பாதுகாப்புத் துறை. தமிழக அரசு மறுத்தது. ஆய்வக அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாநிலங்களும் வாதாடின, வியாபாரிகள் பதறினார்கள், சில மாதங்களில் பேச்சு ஓய்ந்தது. விளைவித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இத்தனை முறை மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, அடிக்காமல் இருக்க என்னதான் வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கத்தரியில் காய்ப்புழு இறங்கிவிட்டால் பறிப்புக்குப் பறிப்பு சொத்தைக்காய் கூடிக்கொண்டே போகும். சொத்தைக்குச் சந்தையில் விலை கிடையாது. அந்த நேரத்தில் விவசாயிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மருந்துக்கடை. எந்த மருந்து, எத்தனை மில்லி, ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று சொல்பவர் கடைக்காரர்தான். பணத்தைக் காய் விற்ற பிறகு கொடுத்தால் போதும் என்று கடனுக்குத் தருபவரும் அவர்தான். தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலருக்கோ பல ஊர்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் புழு காய்க்குள் போயிருக்கும். இப்படி நடக்கிற வெள்ளாமையில் மருந்தைக் குறைக்கச் சொல்லி அறிவுரை கூறுவது சுலபம். குறைத்தால் வரும் நட்டத்தில் பங்கெடுக்கத்தான் ஆள் இல்லை.

திண்டுக்கல் சமவெளியில் சூழலியல் வேளாண்மை பரவாமல் இருப்பதற்கு அறிவுக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. மண்ணையும் பூச்சிகளையும் பயிர்க்கூட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ரசாயனத்தைப் படிப்படியாகக் குறைத்து விளைவிக்கிற இந்த முறைக்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018இலேயே பத்துக் கூறுகளை வகுத்துவிட்டது. நம் ஊர் ஆராய்ச்சி நிலையங்களிலும் பாதி வழி கடந்தாயிற்று. கடக்காத பாதி விவசாயியின் கணக்கு நோட்டில் இருக்கிறது. பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் விழும் அடியை இன்றைக்கும் அவர் ஒருவரே வாங்கிக்கொள்கிறார். அரசின் பணமும் ஆராய்ச்சியின் கவனமும் முதலில் போக வேண்டியது அந்த இடத்துக்கு.

ஆராய்ச்சியின் போக்கு எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைத் தென்னந்தோப்பில் நின்று பார்க்கலாம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, பிறகு நத்தம், நிலக்கோட்டை, பழனித் தோப்புகள் வரை வந்து சேர்ந்தது. ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வட்ட வட்டமாகச் சுருண்ட முட்டை வரிசை, அதன் மேல் மெழுகு போன்ற வெள்ளைப் பூச்சு. ஈ வடிக்கும் தேன்போன்ற கழிவு கீழோலைகளில் சொட்டி, அதில் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே அடுப்புக்கரி பூசினாற்போல ஆகிவிடும். பார்த்த மாத்திரத்தில் கை தானாக விசைத்தெளிப்பானைத் தேடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் சொன்னது வேறு. ரசாயனம் அடிக்காதீர்கள் என்றன. காரணம் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று முடிப்பது அதன் வேலை. மருந்து தெளித்தால் ஈயைவிட முந்திச் சாவது இந்தக் குளவி. அதனால் மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், கரும்பூசணம் உதிர மைதாக் கஞ்சியைத் தெளியுங்கள், குளவி உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளை வாங்கிவந்து பத்து மரத்துக்கு ஒன்றாகச் செருகுங்கள் என்று பரிந்துரை வந்தது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிய பூச்சிக்கு இப்படிப்பட்ட விடையை எதிர்பார்த்திருக்க முடியாது. அப்போது பரிந்துரை என்றால் பெரும்பாலும் மருந்தின் பெயர்தான்.

இதைவிட முழுமையான வெற்றி பப்பாளி மாவுப்பூச்சி விஷயத்தில் கிடைத்தது. 2008இல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கித் தமிழகம் முழுக்க விட்டது. ஓரிரு ஆண்டுகளில் பிரச்சினை அடங்கிவிட்டது. குளவிக்காக விவசாயி ஒரு பைசா செலவழிக்கவில்லை. குளவி தானே பரவி வேலையை முடித்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால்தான் இது நடந்தது. ஒருமுறை விட்டால் தானே பெருகிக்கொள்ளும் குளவியை விற்க எந்த நிறுவனத்துக்கும் ஆர்வம் இருக்காது. சூழலியல் வேளாண்மைக்கு அரசு ஏன் பணம் போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாலே போதுமானது.

மக்காச்சோளத்தின் கதை இவ்வளவு நேராக இல்லை. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டு தமிழகச் சோளக்காடுகளுக்கும் வந்துவிட்டது. கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் போட்ட திண்டுக்கல் விவசாயிகளும் குருத்துக்குள் புழுவையும் மரத்தூள் போன்ற கழிவையும் பார்த்துத் திகைத்தார்கள். பல்கலைக்கழகம் தந்த பரிந்துரையில் கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும், ஊடுபயிராக உளுந்து, இனக்கவர்ச்சிப் பொறி, மெட்டாரைசியம் பூஞ்சாணம் ஆகியவற்றோடு ரசாயன மருந்தும் இருந்தது. இந்தக் கலப்பு நேர்மையானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடலாம் என்று எந்தப் பொறுப்பான ஆராய்ச்சியாளரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கடையில் எப்போதும் கிடைப்பது ரசாயனம் மட்டுமே. பொறியும் பூஞ்சாணமும் வேண்டும்போது கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

கிடைக்கச் செய்வது எப்படி என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் கன்னிவாடியை மையமாக வைத்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய உயிரிக்கிராமத் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணியைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. செய்முறையைப் பார்த்தால் இது எவ்வளவு நுணுக்கமான, அதே நேரம் எவ்வளவு வீட்டுத்தனமான வேலை என்பது புரியும். கம்பை உடைத்துத் தட்டில் பரப்பி, நிலக்கடலைத் தூளும் ஈஸ்டும் கலந்து, அதில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தூவி மூடி வைக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது நாளில் அந்துகள் வெளிவரும். அவை இடும் முட்டைகளைச் சலித்து எடுத்து, புற ஊதா விளக்கில் காட்டி, இனி பொரிக்காதபடி செய்து, பசை தடவிய அட்டையில் தூவுகிறார்கள். அட்டையை ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ள பையில் போட்டால் அவை அந்த முட்டைகளுக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். மூன்று, நான்கு நாளில் அட்டை கறுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் அட்டையில் ஏறக்குறைய இருபதாயிரம் முட்டைகள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, வெயில் ஏறுமுன் இலையின் அடியில் பின் அடித்துவிட்டால், வெளிவரும் குளவிகள் காய்ப்புழுவின் முட்டையைத் தேடிப்போகும்.

கறுத்த அட்டையிலிருந்து குளவி சில நாளில் வெளியே வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அதிக நாள் தாங்காது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து, கிடங்கில் அடுக்கி, டீலர் வழியாகக் கடைக்கு அனுப்பும் சரக்கல்ல அது. பயிர் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பஸ் தூரத்துக்குள் தயாராக வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் செய்தால்தான் சரிப்படும். அதே காரணத்தால் அவர்களுக்கு நிலையான வாங்குபவர் வேண்டும். ஒரு சீசனில் ஆர்டர் வந்து அடுத்த சீசனில் வராமல் போனால் அந்துப்பூச்சித் தட்டுகளை மூடிவிட்டு நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். வேடசந்தூர் சாலையில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை.

ஒன்றிய அரசு 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம், நாடு முழுவதும் 10,000 உயிரி இடுபொருள் மையங்களை அமைக்கப்போவதாகச் சொல்கிறது. திண்டுக்கல்லுக்கு வரும் மையங்கள் சாணக் கரைசலான ஜீவாமிர்தத்தைக் கலக்கும் டிரம்களோடு நின்றுவிடாமல், கன்னிவாடிப் பெண்கள் கற்ற தொழிலைத் தூக்கி நிறுத்தும் இடங்களாக அமைய வேண்டும். சூடோமோனாஸ் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா பூஞ்சாணம், முட்டை ஒட்டுண்ணி அட்டை ஆகியவற்றுக்குத் தோட்டக்கலைத் துறையே மூன்று ஆண்டுக்கான கொள்முதல் உத்தரவாதத்தைக் கொடுக்கலாம். துறை எப்படியும் மானியத்தில் இடுபொருள் வழங்குகிறது. அதை எங்கிருந்து வாங்குவது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

இனி விளைச்சல். இதைப் பேசாமல் இயற்கை விவசாயத்தைப் பேசுபவர்கள் விவசாயிக்கு நல்லது செய்வதில்லை. சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய ஒப்பீட்டுத் திடலின் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாயின. அங்கக முறையில் விளைச்சல் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடும், பூச்சிக்கொல்லி 97 விழுக்காடும் குறைந்தன. மண்ணில் உயிர்கள் பெருகின. நம் பக்கத்தில் கோவையில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உர ஆய்வுத் திடலில், தொழுவுரம் இடப்படும் பாத்திகளின் மண், ரசாயன உரம் மட்டும் கண்ட பாத்திகளைவிடக் கரிமச் சத்தில் உயர்ந்து நிற்கிறது. நூறாண்டு தாண்டிய சான்று அது. ஆனால் மண் தேறும் வேகம் வேறு, வட்டி ஏறும் வேகம் வேறு. பல பத்தாண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய மண்ணில் திடீரென்று அதை நிறுத்தினால் முதல் இரண்டு, மூன்று போகத்தில் பயிர் வெளுத்துத்தான் நிற்கும்.

இன்னொரு பக்கம், நிரூபிக்கப்படாத வாக்குறுதிகளும் உலவுகின்றன. சுபாஷ் பாலேக்கரின் செலவில்லா இயற்கை விவசாயத்தை ஒன்றிய நிதியமைச்சர் 2019 பட்ஜெட் உரையில் முன்மொழிந்தபோது, அந்த முறைக்குப் போதுமான அறிவியல் சான்று இல்லை என்று தேசிய வேளாண் அறிவியல் அகாதமி வெளிப்படையாகவே எதிர்த்தது. அந்த எச்சரிக்கையைப் பகையாகப் பார்க்கத் தேவையில்லை. எந்த மண்ணில், எந்தப் பயிரில், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு குறையும் என்று திண்டுக்கல்லின் செம்மண்ணிலேயே அளந்து சொல்ல ஆள் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2021இல் அந்த அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. மாற்று உரம் தயாராக இல்லை; விவசாயிகளிடம் கலந்து பேசவும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. ஏழே மாதத்தில், நவம்பரில், தடை விலக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தை மாற்றம் தொடங்கும் முன்பே, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த நாட்டு விவசாயிக்கு இந்த அனுபவம் நேர்ந்திருக்காது. அங்கே தோற்றதைக் காட்டிச் சூழலியல் வேளாண்மையே கூடாது என்று இங்கே வாதிடுபவர்கள் பாதிக் கதையை மட்டும் சொல்கிறார்கள்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021இல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வந்தது. 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிடப்பட்டது. 2024-25இல் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 206 கோடி ரூபாயில், 22 இனங்களோடு அறிவிக்கப்பட்டது. பசுந்தாள் உர விதை வழங்குவதும் அதில் ஒன்று. இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் பெயரில் விருதும் தரப்படுகிறது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில், மானாவாரி விவசாயிக்கு ஒட்டாத ஆராய்ச்சியை ஏன் செய்கிறோம் என்று கேட்டு வேலையை விட்டு வெளியேறிய மனிதரின் பெயர் அரசு மேடையில் ஒலிப்பது சின்ன விஷயமல்ல. அவருடைய வானகம் பண்ணை இருக்கும் கடவூர் மலைக்காடு திண்டுக்கல் எல்லையை ஒட்டியே கிடக்கிறது. அதே கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் 11,806 எக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தபோது, பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் பிராணி தேவாங்கு என்று அரசே குறிப்பிட்டது. காட்டையும் வயலையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை அரசாணைகளுக்குள் மெல்ல வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் சோர்கிறது. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஏறக்குறைய 1.67 லட்சம் கோடி ரூபாய். இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 616 கோடி. ரசாயன உரத்துக்கு 270 ரூபாய் போனால் இந்தப் பக்கம் வருவது ஒரு ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. ஒரு டிராக்டர் தொழுவுரத்துக்கு எந்த மானியமும் இல்லை. ஏற்றுக்கூலி, இறக்குகூலி, பரப்பும் கூலி எல்லாம் விவசாயியின் தலையில். உர மானியத்தை நாளைக்கே வெட்ட வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. அது இலங்கை போன பாதை. யூரியாவைக் குறைத்துக்கொண்ட விவசாயியின் பங்கில் அரசுக்கு மிச்சமாகும் மானியம் அவருக்கே திரும்பி வரட்டும் என்பதுதான் கோரிக்கை.

இப்போது கிடைப்பது என்ன? தேசிய இயக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு, ஒரு ஏக்கர் வரை. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் நடுபவருக்கு விதைக்காய்க்கு மட்டுமே இதைப்போலப் பல மடங்கு ஆகும். சான்றளிப்பு விதிப்படி, ஒருபருவப் பயிருக்கு 24 மாதமும் நீண்டகாலப் பயிருக்கு 36 மாதமும் மாறும் காலம். அதுவரை விளைவதை அங்ககப் பொருள் என்று விற்க முடியாது. விளைச்சல் குறையும், விலையும் பழைய விலை. தென்னைக்காரர் மூன்று ஆண்டு இப்படி நின்று சமாளிக்க வேண்டும். கையில் வேறு வருமானம் உள்ளவரால் முடியும். அதனால்தான் இயற்கை விவசாயத்தில் வெற்றி கண்டவர்கள் என்று பத்திரிகைகளில் வருபவர்களில் பலர், வேறு வேலையிலோ தொழிலிலோ சம்பாதித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் முயற்சி பெரிது. ஆனாலும் குஜிலியம்பாறையில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு அது வழிகாட்டாது.

மானாவாரிக்கு ஆந்திரத்திலிருந்து கற்க ஒன்று இருக்கிறது. அங்கே 2016இல் தொடங்கிய சமுதாய இயற்கை வேளாண்மைத் திட்டம் 2024இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் விருதை மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், எகிப்தின் செக்கம் அமைப்பு ஆகியோருடன் பகிர்ந்துகொண்டது. பருவமழைக்கு முன்பே பல வகைத் தானியம், பயறு, கீரை, எண்ணெய்வித்து விதைகளை மண்ணும் சாணமும் பூசி உருட்டிக் காய்ந்த நிலத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். கிடைக்கும் ஈரத்தில் எது முளைக்கிறதோ அது முளைக்கட்டும். நிலம் வெயிலில் வெறுமனே கிடக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நம்மிடம் பலதானிய விதைப்பு என்று புழங்குவதற்கு நெருங்கிய உறவு இது. ஆந்திரத் திட்டத்தின் பலம் விதையோடு முடியவில்லை. ஏற்கெனவே மாறிய விவசாயிகளையே சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர்களாக வைத்தார்கள். மகளிர் குழுக்களைத் திட்டத்தின் முதுகெலும்பாக்கினார்கள். அண்டை வீட்டுக்காரர் தன் காட்டைக் காட்டிச் சொன்னால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

ஆராய்ச்சிக்கு இந்த மாவட்டத்திலும் இடங்கள் உண்டு. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அந்த முயற்சியிலிருந்து 1956இல் கிராமிய நிறுவனம் பிறந்தது. அதன் வேளாண் அறிவியல் நிலையம் இந்த மாவட்டத்து விவசாயிகளுக்குப் பழக்கமான இடம். ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுறவோடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. பசுமைக்குடில், சொட்டுநீர்ப் பாசனம், குழித்தட்டு நாற்று என்று அது ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. வேடசந்தூரில் 1948இலேயே புகையிலைக்கு மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. புகையிலைக்குக் கிடைத்த அந்த நீண்டகால, விடாத அக்கறை இனி முருங்கைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நிலக்கோட்டை மல்லிகைக்கும் கிடைக்க வேண்டும். மல்லிகை மொட்டுப்புழுவுக்கு ரசாயனம் தவிர என்ன செய்யலாம்? முருங்கைத் தோப்பில் எந்த ஊடுபயிர் கம்பளிப்பூச்சியைக் குறைக்கும்? இந்தக் கேள்விகளை ஆராய்ச்சிப் பண்ணையில் மட்டும் வைத்துப் பார்க்காமல், விவசாயியின் சொந்த நிலத்தில், ஐந்து ஆண்டாவது தொடர்ந்து, அவர் செலவுக் கணக்கையும் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும். விளைந்த கிலோவை மட்டும் எடை போட்டால் பாதிதான் தெரியும். அவர் எவ்வளவு கடன் வாங்கினார், குடும்பத்தில் யார் எத்தனை நாள் உழைத்தார்கள், கிணற்றில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதும் முடிவுக்குள் வர வேண்டும்.

எருவுக்கு எங்கே போவது என்பது அடுத்த சிக்கல். டிராக்டர் வந்தபின் மாடுகள் குறைந்துவிட்டன. ஜீவாமிர்தத்துக்குச் சாணம் வேண்டும் என்றால் பல வீடுகளில் கட்டுத்தறியே இல்லை. ஆனால் அய்யலூர் ஆட்டுச் சந்தை உள்ள மாவட்டம் இது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இன்னும் அழியவில்லை. கிடை போடுபவருக்குத் தரும் கூலியில் ஒரு பங்கை உர மானியமாக அரசு கொடுத்தால் மேய்ப்பவருக்கும் பிழைப்பு, மண்ணுக்கும் உரம். குளத்து வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் தமிழக அரசு எளிமையாக்கியது நல்ல முடிவு. வண்டிவாடகைக்கும் ஒரு சிறு தொகை சேர்ந்தால் சிறு விவசாயியும் அதில் பங்குபெறுவார். இப்போதைக்கு சொந்த டிராக்டர் உள்ளவருக்கே அது கைகொடுக்கிறது.

சந்தைப் பக்கம் இரண்டு காரியம். ஒட்டன்சத்திரத்திலேயே எச்சப் பரிசோதனை வசதி வேண்டும். சோதனை முடிவு விவசாயியைத் தண்டிப்பதற்காக அல்லாமல், எச்சம் இல்லாத சரக்குக்குத் தனி ஏலமும் கூடுதல் விலையும் கிடைப்பதற்காக இருக்க வேண்டும். மாறும் காலத்தில் உள்ளவருக்கு, சான்றிதழ் கையில் வருமுன்பே, இது ஒன்றே விலை தரக்கூடியது. அடுத்து, அரசே பெரிய வாங்குபவர். சத்துணவு மையங்கள், காலை உணவுத் திட்டம், மாணவர் விடுதிகள், பழனிக் கோயிலின் அன்னதானம் எல்லாவற்றுக்கும் அன்றாடம் காய்கறி தேவை. அதில் ஒரு பங்கை, மாறிக்கொண்டிருக்கும் விவசாயிகளிடமிருந்து முன்கூட்டி முடிவு செய்த விலைக்கு எடுத்தால் அவர்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும்.

கொடிய மருந்துகளைத் தடுக்கும் அதிகாரமும் மாநிலத்துக்கு முழுமையாக இல்லை. 2022 இறுதியில் தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழக அரசு தடை செய்தது, 60 நாளுக்குத்தான். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் கொடுத்திருக்கிறது. சட்டத்தைத் திருத்தக் கோருவதில் தமிழகமும் கேரளமும் ஒரே பக்கம் நிற்கலாம்.

கடைசியாக, பணம் யார் கைக்குப் போகும் என்பது. பட்டா, சிட்டா, அடங்கல் இருப்பவரே திட்டங்களின் பார்வையில் விவசாயி. திண்டுக்கல் சமவெளியில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் ஏராளம். களை எடுப்பதும் பூப்பறிப்பதும் காய் அறுப்பதும் பெண்கள், அவர்கள் பெயரில் பட்டா இருப்பது அரிது. மருந்துத் தெளிப்பின் நச்சைச் சுவாசிப்பவர்களும் இவர்கள்தான். மாறும் காலத்து உதவித்தொகை நில உரிமையாளர் கணக்கில் விழுந்து, நட்டம் குத்தகைதாரர் தலையில் விழுமானால் திட்டம் தொடங்கும் இடத்திலேயே கோணலாகிவிடும். ஒவ்வொரு ஊரிலும் இந்தப் போகத்தில் எந்தக் காட்டை யார் பயிர் செய்கிறார்கள் என்று கிராம சபையில் பட்டியல் எடுத்து, அதையே உதவிக்கும் காப்பீட்டுக்கும் சான்றாக ஏற்க அரசாணை ஒன்று போதும். ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை ஆகிய மூன்று ஒன்றியங்களில் அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே இதைத் தொடங்கலாம். காய்கறிக்கு ஒன்று, மானாவாரிக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று; மூன்று ஆண்டு முழுமையாக, இடையில் நிறுத்தாமல்.